கிணறு இலவசம்

அந்தக் கணக்கு நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. விஸ்காம் மூன்றாமாண்டு மாணவர்கள் ஐந்து பேர், ஆளுக்கு 8,000 ரூபாய் போட்டு எடுத்த 22 நிமிடப் படத்தின் செலவுக் கணக்கு. கேமராவும் இரண்டு லென்ஸும் மூன்று நாள் வாடகைக்கு. ஆளையும் சாமானையும் ஏற்றிப்போக ஒரு குட்டியானை. வெளிச்சத்தை முகத்துக்குத் திருப்ப நான்கு தெர்மகோல் அட்டை. சாப்பாடு, தண்ணீர் கேன், ஊர்க்கோயிலுக்கு நன்கொடை 2,000. கடைசிப் பக்கத்தில் படம்பிடித்த இடங்களை வரிசையாக எழுதி, எதிரே கொடுத்த தொகையையும் குறித்திருந்தார்கள். ‘கிணறு’ என்பதற்கு எதிரே ‘இலவசம்’ என்று இருந்தது. படத்தின் முடிவில் காதலனும் காதலியும் அந்தக் கிணற்றில்தான் மிதப்பார்கள்.

மாணவர்களின் பிராஜெக்ட் படங்களுக்கு மதிப்பெண் போடச் சில கல்லூரிகளுக்குப் போய்வருகிறவன் நான். வருடம் தவறாமல் ஓர் ஊர்க்காதல் படமாவது வந்துவிடும். சில வருடம் பாதிக்கு மேல் அதுதான். பையன் ஒரு தெரு, பெண் வேறு தெரு. கம்மாய்க்கரை, பம்புசெட்டு, சைக்கிள், தாவணி, அரிவாள். கடைசியில் கிணறு, இல்லையென்றால் புளியமரம், அதுவும் இல்லையென்றால் தண்டவாளம். பிள்ளைகளுக்குக் கற்பனை வறட்சி என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். நோட்டைப் பார்த்தபிறகு அந்த எண்ணம் ஆட்டங்கண்டது. சினிமாவில் சாவைப் போல மலிவான முடிவு கிடையாது. ஓடிப்போனவர்களைக் காட்ட பஸ் வேண்டும், வேற்றூர் வேண்டும், லாட்ஜ், பதிவாளர் அலுவலகம், ஒண்டுக்குடித்தன வீடு, வேலை, சண்டை, பிள்ளை எல்லாம் வேண்டும். செத்துப்போக ஒரு கிணறு போதும்.

அப்படியானால் கையில் காசில்லாதவர்கள் எடுக்கும் ஊர்க்காதல் படங்களில் முடிவைத் தீர்மானிப்பது கதையா, கணக்கா? முடிவு மட்டுமா, வசனமுமா?

வசனத்திலிருந்தே தொடங்குகிறேன். அந்தப் படப்பிடிப்புக்கு ஒரு நாள் போயிருந்தேன். பெரிய கம்பெனி ஒரு கிராமத்துக்குள் வந்தால் பணத்தைக் கொடுத்து ஊரை வாங்கிவிடும், அல்லது வேறெங்கோ அதே ஊரை செட் போட்டுவிடும். மாணவனுக்கு இரண்டுக்கும் வழியில்லை. அவன் ஊரிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். ஊர் என்றால் யார்? தலைவர், கோயில் கமிட்டி, கிணற்றுக்காரர், மின்சாரம் தருகிற வீட்டுக்காரர். படம் யாரைப் பற்றிப் பேசப்போகிறதோ அவர்களேதான். பையன்கள் விவசாயம் பற்றிய டாக்குமென்டரி என்று சொல்லி உள்ளே நுழைந்திருந்தார்கள். இரண்டாம் நாள், தாவணி கட்டிய வகுப்புத் தோழி ஒருத்தி பம்புசெட்டின் ஓரம் கண்ணீர் வடித்துக்கொண்டு நின்றதும் டாக்குமென்டரி வேஷம் கலைந்துவிட்டது. தோளில் துண்டோடு ஒரு பெரியவர் வந்தார்.

“ஏப்பா, கதையில அந்தப் பய எந்தத் தெரு?”

இயக்குநர் பையன் எச்சில் விழுங்கினான். “அதெல்லாம் வராதுங்கய்யா. சும்மா ஏழை வீட்டுப் பையன்.”

“அப்பச் சரி.”

அவ்வளவுதான் பேச்சு. அன்று இரவு வசனத் தாளில் ‘எங்க சாதி’ என்பது அடிக்கப்பட்டு ‘எங்க குடும்பம்’ ஆனது. ‘காலனி’ என்று வந்த இடமெல்லாம் ‘அந்தப் பக்கம்’ ஆனது. மறுநாள் எல்லோருக்கும் பேப்பர் கப்பில் டீ வந்தது. மைக் பிடித்துக்கொண்டிருந்த மாணவன் என் பக்கத்தில் உட்கார்ந்து, “சார், பேப்பர் கப் வந்ததுலேருந்து யாரும் யாரையும் எதுவும் கேக்க வேண்டியதில்ல பாத்தீங்களா” என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அவன் எந்த ஊர், எந்தத் தெரு என்று நானும் கேட்கவில்லை. அந்த டீ, அந்தக் கப், அந்தச் சிரிப்பு ஆகிய மூன்றும் படத்தில் வந்திருந்தால் கிணறே தேவைப்பட்டிருக்காது என்று இப்போது தோன்றுகிறது.

சாதியைக் குடும்பமாக்கியதை அந்தப் பையனின் கோழைத்தனம் என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் இது இருபது வயதுக்காரன் கண்டுபிடித்த தந்திரமில்லை. மதுரைவீரன் கதைப்பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். சக்கிலியர் வீட்டில் வளர்ந்தவன், அரண்மனைப் பெண் பொம்மியைக் கொண்டுபோகிறவன். பாட்டு என்ன செய்கிறது? அவனைக் காசி ராஜன் மகனாகப் பிறக்கவைத்து, காட்டில் போடவைத்து, அதன்பிறகுதான் சக்கிலியர் கையில் கொடுக்கிறது. பிறப்பைத் திருத்தியபிறகு காதலைக் கேட்பதில் ஊருக்குத் தடையில்லை. அப்படியும் மதுரையில் மாறுகால் மாறுகை வாங்கிவிடுகிறார்கள். இன்னொரு கதைப்பாடலில், காதலுக்காகக் காத்தவராயனுக்குக் கழுமரம். பிராமணனாகப் பிறந்து அருந்ததியர் வீட்டுச் சகோதரிகள் பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணந்த முத்துப்பட்டனோ மாடு திருட வந்தவர்களோடு சண்டையிட்டுச் சாகிறான். செத்தபிறகு மூவருக்கும் பீடமும் படையலும் உண்டு. தடுத்த ஊரே வில்லுக்கட்டிப் பாடும். காதலித்துச் செத்தவர்களைக் கும்பிட ஊருக்கு ஒருநாளும் சங்கடம் இருந்ததில்லை, உயிரோடிருந்தால்தான் சங்கடம்.

இதைவிடப் பழைய மரபு ஒன்று நம்மிடம் உண்டு. சங்க அகப்பாடல்களின் உடன்போக்கு. அங்கே சாதிப் பேச்சில்லை, அது வேறு உலகம். ஆனால் ஓடிப்போனவர்கள் அந்தப் பாடல்களில் கிணற்றில் விழுவதில்லை, நடக்கிறார்கள். பாலை வெயிலில் அவள் கால் சுடுகிறது, எதிரே வருகிறவர்கள் பார்த்துப் பேசிக்கொள்கிறார்கள், வீட்டில் தாய் புலம்புகிறாள். கண்டோர் கூற்று, செவிலி கூற்று என்று அந்தப் பயணத்துக்கே தனித்தனிக் குரல்களை ஒதுக்கியிருக்கிறார்கள். வழியில் என்ன நடந்தது என்பதைச் சொல்ல இத்தனை இடம் வைத்த மொழியில், நம் குறும்படங்கள் ஊர் எல்லையிலேயே கதையை முடித்துவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சினிமாவுக்கு வருவோம். 1936இல் பாம்பே டாக்கீஸ் தயாரித்த ‘அச்சுத் கன்யா’வில் பிராமணக் கடைக்காரரின் மகனும் ரயில்வே கேட்காரரின் தலித் மகளும் காதலிக்கிறார்கள். அசோக் குமாரும் தேவிகா ராணியும். இயக்கியவர் ஜெர்மானியரான ஃபிரான்ஸ் ஆஸ்டன். முடிவில் பெண் ரயிலில் அடிபட்டுச் சாகிறாள். 1954இல் பி. பாஸ்கரனும் ராமு காரியாட்டும் சேர்ந்து இயக்கிய மலையாளப் படம் ‘நீலக்குயில்’. பள்ளி ஆசிரியர் ஒருவர் நீலி என்ற தலித் பெண்ணைக் காதலித்துக் கைவிடுகிறார். அவள் தண்டவாளத்தருகே பிள்ளையை விட்டுச் செத்துக் கிடக்கிறாள். பிள்ளையைத் தூக்கி வளர்க்கிறவர் ஊர்த் தபால்காரர், அந்த வேடத்தில் பாஸ்கரனே நடித்தார். முதல் படம் ஸ்டூடியோவில் கட்டிய கிராமம். இரண்டாவதில் கேரளத்து மண் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. இரண்டிலும் தண்டவாளம் இருக்கிறது. யார் கொன்றார்கள் என்று கேட்க வேண்டாத சாவு அது. பழி ரயில் மேல் போய்விடும், ஊர் கைகழுவிக்கொள்ளலாம். இது படத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. 2013 ஜூலையில் தர்மபுரியிலும், 2015 ஜூனில் பள்ளிபாளையம் பக்கத்திலும், சாதி தாண்டிப் பழகிய இரண்டு இளைஞர்களின் உடல்கள் தண்டவாளத்தில்தான் கிடந்தன. இரண்டாவது சாவு கொலைதான் என்று 2022இல் நீதிமன்றம் சொன்னது.

தமிழில் கேமராவைக் கிராமத்துக்குக் கொண்டுபோனதன் பெருமையைப் பாரதிராஜாவுக்குக் கொடுப்பது வழக்கம், அதில் தப்பில்லை. அவருடைய ‘அலைகள் ஓய்வதில்லை’ 1981இல் வந்தது. பிராமணப் பையன், கிறிஸ்தவப் பெண். பூணூலையும் சிலுவையையும் கழற்றி எறிந்துவிட்டு இருவரும் ஊரைவிட்டுப் போகிறார்கள். சாகவில்லை! அந்தக் காலத்தில் அது பெரிய விஷயம். ஆனாலும் ஒரு கேள்வி: அவர்கள் அடுத்த வேளைக்கு எங்கே சாப்பிட்டார்கள்? படம் கடற்கரையோடு முடிந்துவிட்டது. 1997இல் சேரனின் முதல் படமான ‘பாரதி கண்ணம்மா’வில் பண்ணையார் மகளும் பண்ணையாளும் ஒரே சிதையில் எரிகிறார்கள். 2004இல் பாலாஜி சக்திவேலின் ‘காதல்’. மெக்கானிக் பையன் பணக்கார வீட்டுப் பெண்ணோடு மதுரையைவிட்டுச் சென்னைக்கு ஓடுகிறான். தங்க இடம் தேடி அவர்கள் அலையும் பகுதிதான் அந்தப் படத்தின் உயிர் என்பேன். கடைசியில் சித்தம் கலைந்து அவன் தெருவில் அலைவதைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு நினைவிருப்பது மேன்ஷன் அறை.

இந்தப் படங்கள் எவையும் மாணவர் படங்கள் இல்லை. நம் மாணவர்கள் இவற்றைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார்கள், கற்றுக்கொண்டதில் கடைசிக் காட்சியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள் என்பதால் சொல்கிறேன். அந்தக் காலத்தில் சாதாரணக் கல்லூரி மாணவர்கள் எடுக்கவும் வழியில்லை. பிலிம் சுருளின் விலை அப்படி. 1986இல் திரைப்படக் கல்லூரியில் படித்துவிட்டு வந்தவர்கள் சேர்ந்து ‘ஊமை விழிகள்’ எடுத்தபோதுகூட அது சினிமாஸ்கோப்பில் எடுத்த திரில்லர், விஜயகாந்த் இருந்தார். நிலைமை மாறியது 2008இல் கேனான் 5டி மார்க் 2 வந்தபிறகு. கல்யாண போட்டோ எடுக்கிற கேமராவிலேயே திரையரங்கில் போடத்தக்க வீடியோ எடுக்கலாம் என்றானது. கொஞ்ச நாளில் கலைஞர் தொலைக்காட்சியின் ‘நாளைய இயக்குநர்’ குறும்படப் போட்டி வந்தது. கார்த்திக் சுப்பராஜ், நலன் குமாரசாமி போன்றவர்கள் அங்கிருந்து வந்தார்கள். குறும்படம் என்பது விசிட்டிங் கார்டு ஆகிவிட்டது. விசிட்டிங் கார்டில் யாரும் சாதிப் பெயரை அச்சிட மாட்டார்கள், அது ஒரு பக்கம்.

கதையா, கணக்கா என்ற கேள்விக்கு நான் அறிந்த அளவில் நேரான பதில் மராத்தியில்தான் கிடைத்தது. நாகராஜ் மஞ்சுளே சோலாப்பூர் மாவட்டம் கர்மாளா தாலுகாவில் உள்ள ஜேவூர்க்காரர். கல்லுடைக்கும் வடார் சமூகத்தில் பிறந்தவர். அகமத்நகரில் தகவல் தொடர்பியல் படிக்கும்போது எடுத்த 15 நிமிடப் படம் ‘பிஸ்துல்யா’. பள்ளிக்கூடம் போக ஆசைப்படுகிற, போக முடியாத சிறுவன். அதற்குத் தேசிய விருது கிடைத்தது. மாணவர் படம்தான், ஆனால் காதல் இல்லை. காதல் அடுத்த படத்தில் வந்தது. 2013இல் எடுத்து, 2014 பிப்ரவரி 14 அன்று, காதலர் தினம் பார்த்துத் திரைக்கு வந்த ‘ஃபன்றி’. கைக்காடி மொழியில் அந்தச் சொல்லுக்குப் பன்றி என்று பொருள். பன்றி பிடிக்கும் வீட்டுப் பையன் ஜப்யா, வகுப்பில் படிக்கும் மேல்சாதிப் பெண் ஷாலுவைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். ஒரு வார்த்தை பேசுவதில்லை. படம் முழுக்கக் காதல் அவ்வளவுதான்.

ஒரு காட்சியைக் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு வெளியே பன்றியைத் துரத்துகிறார்கள், ஜப்யாவும் அப்பா, அம்மா, அக்காளும். உள்ளே ஷாலு இருக்கிறாள், ஊரே வேடிக்கை பார்க்கிறது. பன்றி கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும்போது பள்ளியில் தேசிய கீதம் தொடங்குகிறது. குடும்பம் அப்படியே விறைத்து நிற்கிறது. பன்றி மெதுவாக நடந்துபோய்விடுகிறது. இந்தக் காட்சிக்கு என்ன செலவாகியிருக்கும்? ஒரு பள்ளிச் சுவர், ஒரு பன்றி, நான்கு பேர். எங்கள் மாணவர்கள் கிணற்றுக்குக் கொடுத்ததைவிட அதிகம்தான், ஆனால் பணத்தால் வந்த காட்சி இல்லை இது. பன்றி துரத்துகிறவன் எங்கே நிற்பான், சுவருக்கு அந்தப் பக்கம் யார் இருப்பார்கள் என்று தெரிந்தவன் வைத்த காட்சி. ஜப்யாவாக நடித்த சோம்நாத் அவ்கடே ஹல்கி என்ற பறை அடிக்கிற பையன். படத்தின் முடிவில் யாரும் சாகவில்லை. கேலி செய்தவர்கள் மேல் ஜப்யா எறிகிற கல் நேரே கேமராவை நோக்கி வருகிறது, திரை இருண்டுவிடுகிறது.

ஊர் அனுமதி என்ற சிக்கலை மஞ்சுளே கடந்த விதம் எளிமையானது: சொந்த வட்டாரத்தில் எடுத்தார், அங்கிருக்கிறவர்களையே நடிக்கவைத்தார். 2016 ஏப்ரல் 29இல் வந்த ‘சைராட்’டின் நாயகி ரிங்கு ராஜ்குரு அப்போது பள்ளி மாணவி, அதே மாவட்டத்து அக்லூஜ் பெண். ஏறத்தாழ 4 கோடியில் எடுத்து, 100 கோடிக்கு மேல் வசூலித்த முதல் மராத்திப் படம் அது. முதல் பாதியில் புல்லட்டும் டிராக்டரும் ஓட்டுகிற பாட்டீல் வீட்டு ஆர்ச்சி, மீனவர் மகன் பர்ஷ்யா, அஜய்-அதுல் இசை, கிணற்றில் குதித்துக் கும்மாளம். ஆமாம், அங்கேயும் கிணறு உண்டு, குளிப்பதற்கு.

அதன்பிறகுதான் நான் சொல்லவந்தது. அவர்கள் ஹைதராபாத்துக்கு ஓடுகிறார்கள். படம் அவர்களோடு போகிறது, அவசரமே இல்லாமல். குடிசைப் பகுதியில் ஒரு தகரக் கொட்டகை. கழிப்பறை நாற்றத்தில் ஆர்ச்சிக்குக் குமட்டுகிறது. தோசைக்கடை வைத்திருக்கும் பெண் அடைக்கலம் தருகிறாள். தெலுங்கு புரியவில்லை. அவன் சந்தேகப்படுகிறான், அடிக்கிறான், அவள் ஸ்டேஷனுக்குப் போய் ரயிலேறிவிட்டுத் திரும்பி வருகிறாள். பிள்ளை பிறக்கிறது, ஸ்கூட்டர் வாங்குகிறார்கள், வீடு பார்க்கிறார்கள். மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான படத்தில் பெரும் பங்கு இதற்கே போகிறது. வாழ்க்கையைக் காட்டியபிறகு வருகிற சாவு வேறு மாதிரி இருக்கிறது. ஆர்ச்சியின் அண்ணனும் ஆட்களும் அம்மா கொடுத்ததாகச் சீர் சாமான் கொண்டுவருகிறார்கள், டீ போடுகிறாள். கொலையை நாம் பார்ப்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரி கையைப் பிடித்துக்கொண்டு வந்த குழந்தை வாசலில் நுழையும்போது ஒலி முழுக்க நின்றுவிடுகிறது. அழுதுகொண்டு திரும்பி நடக்கிற சின்னக் கால்களின் ரத்தத் தடம் மட்டும். மாணவர் படங்களில் மிகப் பலவீனமான பகுதி எதுவென்று கேட்டால் ஒலி என்பேன். மோட்டார் இரைச்சல், நாய்க் குரைப்பு, டப்பிங்கில் ஒட்டாத உதடு, இவற்றை மூட வயலினை அள்ளி ஊற்றுவார்கள். ‘சைராட்’ வெளிவந்தபோது உடுமலைப்பேட்டை பஸ் நிலையத்தருகே பட்டப்பகலில் நடந்த சாதி ஆணவக் கொலைக்கு இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அந்தக் கொலையின் சிசிடிவி காட்சியிலும் ஒலி இல்லை.

பணம் கூடினால் என்ன ஆகும் என்பதற்கும் இதே கதை சாட்சி சொல்கிறது. 2018 ஜூலையில் வந்த ‘தடக்’, ‘சைராட்’டின் இந்தி வடிவம். கரும்புக்காட்டுக் கர்மாளா, ஏரியும் மாளிகையுமாக உதய்பூர் ஆனது. குடிசைப் பகுதி துப்புரவான கொல்கத்தா வாடகை வீடு ஆனது. சாதி கிசுகிசுப்பாகச் சுருங்கி, பணக்கார-ஏழைக் கதையாகப் பார்க்கலாம் என்கிற அளவுக்கு மங்கியது. துண்டு போட்ட பெரியவர் ஒரு கேள்வியில் எங்கள் பையனிடம் பெற்றுக்கொண்டதைச் சந்தை கேள்வியே கேட்காமல் பெற்றுக்கொண்டது. அதே ஆண்டு செப்டம்பரில் மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ வந்தது. கொலையையே வேலையாகச் செய்யும் கிழவர் ஒருவர் அதில் வருகிறார். நாயகன் பரியனையும் தண்டவாளத்தில் கிடத்துகிறார். பரியன் எழுந்துகொள்கிறான். ‘அச்சுத் கன்யா’வுக்கு 82 ஆண்டு கழித்துத் தண்டவாளத்திலிருந்து எழுந்தவன்! கடைசியில் இரண்டு டீ கிளாஸ், நடுவே ஒரு மல்லிகை. பேப்பர் கப்பில் அந்தக் காட்சியை எடுக்க முடியாது.

கிராமத்தைக் காட்டாமலே இந்தக் கதையைச் சொன்ன படமும் உண்டு. புனே திரைப்படக் கல்லூரி மாணவியாக இருந்த பாயல் கபாடியாவின் ‘எ நைட் ஆஃப் நோயிங் நத்திங்’, 2021இல் கான் விழாவில் சிறந்த ஆவணப்படத்துக்கான பரிசு பெற்றது. எல் என்ற மாணவி காதலனுக்கு எழுதும் கடிதங்கள். அவள் சாதி காரணமாக அவன் வீட்டார் அவனை ஊரில் பிடித்துவைத்துவிடுகிறார்கள். ஊரோ வீடோ திரைக்கு வருவதே இல்லை. பெரும்பாலும் வருவது 2015இல் 139 நாள் நடந்த கல்லூரி வேலைநிறுத்தம், விடுதி இரவுகள், கறுப்பு வெள்ளை நடனம். ஊரின் அனுமதி வாங்க வேண்டிய தேவையே இல்லாத படம் அது. கூடவே ஊர் எவ்வளவு தூரம் கை நீட்டும் என்பதும் அதில் தெரிகிறது.

நான் மாணவர்களிடம் சொல்வது ஒன்றுதான். அரிவாளை வாடகைக்கு எடுப்பதற்கு முன் பதிவாளர் அலுவலகத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி பதிந்தால் 30 நாள் அறிவிப்பு ஒட்டுவார்கள். அந்த 30 நாளும் ஒரு முழு நீளத் திரைக்கதை. 1967இல் அண்ணா அரசு கொண்டுவந்த சுயமரியாதைத் திருமணச் சட்டத் திருத்தம் இருக்கிறது; புரோகிதர் வேண்டாம், சாட்சி வேண்டும். அந்தச் சாட்சி யார், அவன் பயப்பட மாட்டானா? கலப்புத் திருமணத்துக்கு முத்துலட்சுமி ரெட்டி பெயரில் அரசே தாலிக்குத் தங்கமும் பணமும் தருகிறது. அதற்கு விண்ணப்பம் எழுதப்போகும் ஒரு ஜோடியை எந்தக் குறும்படத்திலாவது பார்த்திருக்கிறோமா?

ஒருமுறை இதைச் சொன்னபோது, கேட்டுக்கொண்டிருந்தவர்களில் அந்த மைக் பிடித்த பையனும் இருந்தான். இரண்டு வருடம் கழித்து ஒரு லிங்க் அனுப்பினான். ஒன்பது நிமிடப் படம். பதிவாளர் அலுவலக வராந்தாவில் ஒரு பெஞ்ச், அதில் ஒரு பெண்ணும் பையனும். இரண்டாவது சாட்சி வர வேண்டும். அவள் போன் அடிக்கிறது, எடுப்பதில்லை, திரும்ப அடிக்கிறது. சாட்சி வியர்த்து விறுவிறுத்து வந்து சேர்கிறான். அப்போது உள்ளிருந்து ஒரு குரல், “சர்வர் டவுனுங்க, நாளைக்கு வாங்க.” மூவரும் அப்படியே நிற்கிறார்கள். வெளியே இருட்டத் தொடங்கியிருக்கிறது. “நைட்டு எங்க தங்குறது?” என்று அவள் கேட்கிறாள், படம் முடிகிறது. சாதிப் பெயர் இரண்டும் விண்ணப்பத் தாளில் தெளிவாகத் தெரிகின்றன. கேமரா அங்கே வேண்டுமென்றே ஒரு நொடி நிற்கிறது.

கணக்கையும் அனுப்பு என்று கேட்டேன். மொத்தம் 11,400. அலுவலகத்தில் அனுமதி கிடைக்காமல், மூடிக்கிடந்த ஒரு கூட்டுறவுச் சங்கக் கட்டடத்தின் வராந்தாவில் எடுத்திருக்கிறான். பெஞ்ச், எதிர்க் கடையிலிருந்து, ஒரு நாளைக்கு 200 ரூபாய்.